தாத்தாவை யாரும் கேட்பதில்லை

நம் நாவல்களில் வயதானவர்களுக்குப் பஞ்சம் கிடையாது. திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். அடுக்களை வாசற்படியில் ஒரு பாட்டி காலை நீட்டிக்கொண்டிருப்பாள். தாத்தா ஐம்பது வருஷத்துக்கு முந்திய நில வழக்கைத் தேதி தவறாமல் சொல்லுவார். பாட்டி பேரனுக்குக் கதை சொல்லுவாள், மருமகளிடம் குற்றம் கண்டுபிடிப்பாள், கடைசி அத்தியாயத்துக்கு முந்திய அத்தியாயத்தில் சிரமமில்லாமல் இறந்து போவாள். இரண்டு பேருக்கும் ஞாபக சக்தி அபாரம். குடும்பத்தின் பழங்கணக்கும் வம்சாவளியும் அவர்கள் வாய் வழியாகத்தான் வாசகனுக்குத் தெரியவேண்டும். ஆசிரியருக்கு அது ஒரு சௌகரியம்.

வாழ்க்கையில் நாம் பார்க்கிற இன்னொரு கிழவர் உண்டு. சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி ஆவதற்குள் தனக்கு யாரும் சோறு போடவில்லை என்று அண்டை வீட்டில் போய்ச் சொல்லுகிறவர். பென்ஷன் பணத்தைத் தானே ஒளித்து வைத்துவிட்டு வேலைக்காரியைச் சந்தேகப்படுகிறவர். முப்பது வருஷம் குடியிருந்த தெருவிலேயே வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்கிறவர். இவரைத் தெரியாத குடும்பம் இன்று அபூர்வம். ஆனால் நம் கதைகளுக்குள் இவர் வருவது அதைவிட அபூர்வம். வந்தாலும் சிரிப்பு மூட்டவோ, பிள்ளைகளின் கல் நெஞ்சைக் காட்டவோ வந்து போகிறார்.

எழுத்தாளர்களுக்குக் கண் போதவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அது சுலபமான பதில். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முதியோர்களின் ஞாபக சக்தியைப் பற்றி நடந்த ஆராய்ச்சியைப் படித்தபோது, இந்தக் குறை நாவலாசிரியர்களோடு நிற்கிற குறை அல்ல என்று எனக்குத் தோன்றிற்று. நாவலைப் படிக்கிற மாதிரியே அந்த ஆராய்ச்சியையும் படித்துப் பார்த்தேன். நல்ல நாவல் எழுப்புகிற கேள்விகளை அதுவும் எழுப்புகிறது. ஆகவே அதைப் பற்றி விமரிசகன் பேசுவதில் தவறில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வயதானால் பெயர்கள் சட்டென்று நாவில் வராமல் போவது எல்லோருக்கும் உள்ளது. அது நோயல்ல. நினைவு, யோசனை, பேச்சு, வழி அறிதல் எல்லாம் சேர்ந்து குன்றி, அன்றாடக் காரியங்களை ஒருவர் தாமே நடத்திக்கொள்ள முடியாத நிலை வந்தால் அதை டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அல்ஸைமர் நோய் அதற்கு மிகப் பெரிய காரணம். மூளையின் ரத்தக் குழாய்க் கோளாறு இன்னொரு காரணம். 1998-இல் உலகத்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் விசித்திரமானது: 10/66. அப்போதைய கணக்குப்படி உலகத்தில் டிமென்ஷியா கண்டவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் இருந்தார்கள். இதைப் பற்றிய ஆராய்ச்சியிலோ 10 சதவீதம்கூட அந்த நாடுகளில் நடக்கவில்லை. அந்த அநியாயத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஒரு நாவலுக்கு இவ்வளவு நல்ல தலைப்பு அமைவது கஷ்டம்.

இந்தக் குழு ஏழு நாடுகளில் பதினொரு இடங்களில், 65 வயது கடந்த ஏறக்குறைய 15,000 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு. நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கி வைத்த கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, வேலூரிலிருந்து கண்ணமங்கலம் போகிற சாலையில் உள்ள கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பல காலமாகச் சுகாதார வேலை செய்து வருகிறது. அங்கே எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதன் ஊழியர்களுக்குத் தெரியும். அந்தக் கல்லூரியின் மனநல மருத்துவர் கே. எஸ். ஜேக்கப்பும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்த வட்டாரத்து முதியவர்களைப் பார்த்தார்கள்.

முடிவுகள் 2008-இல் லான்ஸெட் என்ற ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட வகைநூலின் நான்காம் பதிப்பு இருக்கிறது. அதன் லட்சணங்களைக் கொண்டு கணக்கெடுத்தால், கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேருக்கு டிமென்ஷியா. வேலூர்க் கிராமங்களில் நூற்றுக்கு 0.3 பேர். அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர். பதினொரு இடங்களிலும் இதுதான் மிகக் குறைவு.

இந்த எண்ணை மட்டும் ஒரு மேடைப் பேச்சாளரிடம் கொடுத்தால் என்ன செய்வார் என்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். கூட்டுக் குடும்பத்தின் பெருமை, கேழ்வரகுக் களியின் மகிமை, நம் முன்னோரின் ஞானம் எல்லாவற்றுக்கும் இதுவே சாட்சி என்று முழங்கிவிடுவார். கேட்பவர்களும் கை தட்டுவார்கள்.

ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அதோடு நிறுத்தவில்லை. வகைநூலை வைத்துவிட்டு, பல நாடுகளிலும் சோதித்துத் தாங்களே வகுத்துக்கொண்ட இன்னொரு முறையால் அதே ஜனங்களை அளந்தார்கள். பத்துச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, தெரிந்த மிருகங்களின் பெயரை ஒரு நிமிஷத்துக்குள் அடுக்கச் சொல்வது போன்ற பரீட்சைகளோடு, வீட்டில் ஒருவரைத் தனியே வைத்துக் கேட்பதும் அந்த முறையில் சேர்ந்தது. இப்போது பதினொரு இடங்களின் எண்களும் நெருங்கி வந்தன. மிகக் குறைவு சீனக் கிராமங்களில், நூற்றுக்கு 5.6. மிக அதிகம் டொமினிகன் குடியரசில், 11.7. வேலூர்க் கிராமங்களும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் விழுந்தன. முதல் கணக்கில் ஆயிரத்துக்கு மூன்று பேர். இரண்டாவது கணக்கில் ஐம்பதுக்கு மேல். மனிதர்கள் மாறவில்லை. கிராமம் மாறவில்லை. அளவுகோல் மாறிற்று.

இதில்தான் விமரிசகனுக்கு வேலை இருக்கிறது. முதல் அளவுகோல் ஏன் அவர்களைத் தவற விட்டது? அந்த வகைநூலின்படி ஞாபகம் குறைந்திருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறை அவருடைய தொழிலையும் பிறரோடு பழகும் வாழ்க்கையையும் கெடுத்திருக்கவேண்டும். முன்னிருந்த நிலையிலிருந்து சரிந்திருக்கவேண்டும். சரிந்தாரா இல்லையா என்று யார் சொல்லுவது? வீட்டு மனிதர்கள்தான் சொல்லவேண்டும். வீட்டு மனிதர்கள் ஒன்றும் குறையில்லை என்று சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. குறையிருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. இந்த நோயைப் பற்றிய பேச்சே இல்லாத ஊர்களில் அந்த வகைநூல் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். வகைநூல் தவற விட்டு மற்ற முறை பிடித்துக் கொடுத்தவர்களுக்கு அன்றாடக் காரியங்களில் முடியாமை மிகுதியாக இருந்தது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

வீட்டில் இருக்கிறவர்களின் கண்ணில் ஏன் படவில்லை? இதற்கு விடையை நான் ஆம்பூரில் ஒரு வீட்டில் கேட்டேன்.

ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையையும் அதைச் சுற்றியும் தோல் ஊர்கள் கிடக்கின்றன. ஆம்பூர் வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். 2019-இல் ஜில்லாவைப் பிரித்தபோது திருப்பத்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நாற்பது வருஷம் வேலை பார்த்து மேஸ்திரியாக ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஆவாரம் பட்டையில் ஊறிய தோலின் காலத்தையும், குரோம் உப்பு வந்த காலத்தையும் இரண்டையுமே கண்டவர். முதலாளிகளோடு உருது, ஆந்திராவிலிருந்து பச்சைத் தோல் கொண்டுவருகிறவர்களோடு தெலுங்கு, வீட்டில் தமிழ். பள்ளிக்கூடம் போனதில்லை.

1996-இல் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன காலத்தை அவர் வெகு தெளிவாகச் சொன்னார். எந்தெந்தத் தொழிற்சாலை மூடிற்று, கழிவு நீரைச் சுத்தம் செய்ய யார் யார் பணம் போட்டார்கள் என்றெல்லாம் விவரித்தார். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் மணி கழித்து அதே கதையை அதே வார்த்தைகளில் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். நடுவில் இரண்டு முறை நான் யார் என்று விசாரித்தார்.

அவருடைய மருமகள் கூடத்தில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்துத் தோலைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆம்பூர்ப் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் வீட்டில் இருந்தபடி செய்கிற வேலை அது. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"மாமாவுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் கீது சார். ஒண்ணும் தொந்தரவு இல்ல. நாங்கதான் அவர ஒண்ணும் கேக்கறதில்லயே."

நான் படித்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல பக்கங்களில் சொன்னதை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கடைக்குப் போகச் சொல்வதில்லை. கணக்குப் பார்க்கச் சொல்வதில்லை. மாத்திரையை அவள் எடுத்துக் கொடுக்கிறாள், குளிக்க வெந்நீர் வைக்கிறாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். பெரியவருக்குச் சிரமம் வேண்டாம் என்பது மரியாதை. அந்த மரியாதையே ஒரு திரை. எந்தக் காரியத்தையும் எதிர்பார்க்காத இடத்தில் எந்தக் காரியமும் கெட்டுப்போவதில்லை. கெட்டுப்போகாதபோது நோய் எப்படித் தெரியும்?

இதை வைத்து நம் குடும்பங்களைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண் செய்கிற சேவையை எந்த ஆஸ்பத்திரியும் செய்யாது. ஆனால் அவள் செய்கிற சேவைக்கு ஒரு பெயர்கூட இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாமாவுக்கு ஒன்றுமில்லை என்றால் அவளுக்கும் கூடுதல் பாரம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்து அவர் தெருக்கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்வதும், அதனால் காலையில் இரண்டு ஜோடி குறைவாகத் தைப்பதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயிரத்துக்கு மூன்று என்ற எண் கிழவர்களை மட்டும் மறைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் நிற்கிற பெண்களையும் சேர்த்து மறைத்துவிட்டது.

அல்ஸைமர் நோய்க்குப் பெயர் கொடுத்த ஜெர்மானிய டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமரின் முதல் நோயாளி கதையை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1901-இல் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்கு ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது 51. அவளே குடும்பத்தை நடத்தி வந்தவள். காரணமில்லாமல் புருஷன் மேல் சந்தேகம், பிறகு மறதி, பிறகு சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமை. வீடு தாங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் கேள்வி கேட்டு, அவள் சொன்ன பதில்களை அப்படியே எழுதி வைத்தார். பெயரைக் கேட்டால் சரியாகச் சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டாலும் தன் பெயரையே சொன்னாள். பன்றி இறைச்சியும் காலிபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது கீரை என்றாள். அந்தக் குறிப்புக் கட்டு பல காலம் காணாமல் கிடந்து 1995-இல் கிடைத்தது. அவளைப் பற்றி உலகத்துக்குத் தெரியக் காரணம் அவள் காரியங்கள் பார்க்க வேண்டிய வயதில் இருந்தாள் என்பதுதான். எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவளையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த சிக்கல் வருகிறது. எதைக் கேட்பது? உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ள ஒரு பரீட்சை 1975-இல் அமெரிக்காவில் வந்தது. மொத்தம் முப்பது மதிப்பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு போகவேண்டும், அல்லது ஓர் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைக் கடைசியிலிருந்து சொல்லவேண்டும். காகிதத்தில் எழுதியிருக்கிற கட்டளையைப் படித்து அதன்படி செய்யவேண்டும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதவேண்டும். நம் தோல் மேஸ்திரியை இந்தப் பரீட்சைக்கு உட்கார வைத்தால் அவர் இருபத்தைந்து வயதிலேயே தோற்றுப் போயிருப்பார். அது பள்ளிக்கூடத்தை அளக்கிற கோல். மனத்தை அளக்கிற கோல் என்று அதை அங்கே சொல்ல முடியாது.

ஹரியானாவில் பல்லப்கட் என்ற இடத்தில் 1990-களில் ஆராய்ச்சி செய்தவர்கள் இதை உணர்ந்து பரீட்சையையே மாற்றினார்கள். எழுத்துக்களுக்குப் பதிலாக வாரத்தின் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கதாபாத்திரத்தைப் பேச வைக்க இதைவிட நல்ல கேள்வி எந்த நாவலாசிரியனுக்கும் அகப்படாது.

படிக்காதவர்களின் மனத்தில் என்ன சொத்து இருக்கிறது என்பதை ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி முதலியோர் செய்த ஆராய்ச்சி காட்டிற்று. 2013-இல் வெளிவந்தது. டிமென்ஷியா கண்ட 648 பேரைப் பார்த்ததில், ஒரே பாஷை பேசுகிறவர்களைவிட இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதித்து வந்திருந்தது. எழுத்தறிவே இல்லாதவர்களிலும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடிச் சந்தைகளில் மூன்று பாஷைகளில் பேரம் பேசிக் காலம் தள்ளிய மனிதர்களைப் படிக்காதவர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறோம். அவர்களிடம் என்ன இருந்தது என்பது, கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டபோதுதான் தெரிந்தது.

சரியான கேள்வியைக் கேட்டாலும் ஒரு தடவை கேட்டால் போதாது. இதுதான் நீண்டகால ஆராய்ச்சியின் அடிப்படை. இருபது வயதுக்காரனையும் எழுபது வயதுக்காரரையும் இன்றைக்கு ஒரே நாளில் பரீட்சித்து, எழுபது வயதுக்காரர் குறைவாக வாங்கினார், ஆகவே வயது அறிவைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினால், அவருக்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்தையும் கிடைக்காத பாலையும் வயதின் கணக்கில் எழுதினதாக ஆகும். அமெரிக்காவில் வார்னர் ஷாயீ என்பவர் 1956-இல் சியாட்டில் நகரத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கி, ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை அதே ஆட்களைத் தேடிப் போனார். அப்படிப் போய்ப் பார்த்ததில், பலருடைய திறமைகள் அறுபது வயது வரையில் அதிகம் குறையவில்லை என்று தெரிந்தது. ஒரு நாள் பரீட்சை காட்டிய சரிவு பெரும்பாலும் தலைமுறைகளின் வித்தியாசம்.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு ஆராய்ச்சி உண்டு. 1986-இல் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளைச் சாகும் வரை தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார். அவர்களில் பலர் மடத்தில் சேர்ந்த இளம் வயதில் தங்களைப் பற்றிச் சிறு சுயசரிதை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவை பத்திரமாக இருந்தன. இருபத்திரண்டு வயதில் ஒரு வாக்கியத்துக்குள் எண்ணங்களைச் செறிவாக வைத்து எழுதியவர்களுக்கு முதுமையில் அல்ஸைமர் குறைவாகவும், வெறுமையாக எழுதியவர்களுக்கு அதிகமாகவும் கண்டது. நாவலாசிரியை ஐரிஸ் மர்டாக் கதை இதைவிடத் துயரமானது. 1995-இல் வந்த அவருடைய கடைசி நாவலையும் முந்திய நாவல்களையும் சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், கடைசி நாவலில் சொல்வளம் சுருங்கியிருந்ததைக் கண்டார்கள். வியாதி என்று யாரும் சொல்வதற்கு முன்பே அது நாவலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

எழுதி வைத்தவர்களுக்கு இப்படிச் சாட்சி இருக்கிறது. ஒரு வரிகூட எழுதாத கணியம்பாடிக் கிழவிக்கு என்ன சாட்சி? திரும்பிப் போய்ப் பார்ப்பது ஒன்றுதான். 10/66 குழு சென்னையில் நோய் என்று குறித்தவர்களை மூன்று வருஷம் கழித்துத் தேடிப் போனபோது, மற்றவர்களைவிட அவர்களில் மரணம் மிகுந்திருந்தது. உயிரோடிருந்தவர்களும் மேலும் தளர்ந்து பிறர் கையை அதிகம் எதிர்பார்க்கும்படி ஆகியிருந்தார்கள். முதல் தடவை கேட்டது வீணில்லை என்பதை இரண்டாம் தடவை போனது நிரூபித்தது. வேலூருக்கு மேற்கே மலை ஏறினால் வருகிற கோலார் ஜில்லாவில், ஸ்ரீநிவாஸபுரத்துக் கிராமங்களில் 2018-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. 45 வயதும் அதற்கு மேலும் ஆன பத்தாயிரம் பேரைச் சேர்த்து, வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்ப்பது அதன் திட்டம். நோய் வந்த பின் பார்ப்பதைவிட, வருவதற்கு முன்னிருந்தே கூட நடந்து வருவது. கிராமத்து மனிதர்களை இவ்வளவு பொறுமையோடு பார்க்க ஒருவர் புறப்பட்டிருக்கிறார் என்பதே எனக்கு நல்ல செய்தியாகப் படுகிறது.

தேச முழுவதுக்குமான கணக்கும் 2023-இல் வந்துவிட்டது. 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களில் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். கிராமத்தில் மறதி இல்லை என்ற பெருமையை இதற்கு மேலும் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

இனி நம் இலக்கியத்துக்கு வருகிறேன். முதுமையைப் பாடத் தெரியாதவர்கள் அல்ல நாம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243-ஆம் பாட்டில், கோலூன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே நாலு சொல் பேசுகிற ஒரு கிழவர் தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். மரக்கிளையில் ஏறி ஆழமான நீரில் குதித்து, அடியிலிருந்து மண் எடுத்துக்கொண்டு வந்த விளையாட்டு அவர் கண் முன்னால் நிற்கிறது. நேற்றைய சோறு மறந்தாலும் அறுபது வருஷத்துக்கு முந்திய குளம் மறக்காது என்பது டாக்டர்களும் ஒப்புகிற உண்மை. ஆனால் அந்தப் பாட்டுக் கிழவர் தாம் இழந்ததை அறிந்தவர். இழந்ததையே அறியாதவரைப் பற்றி நாம் இன்னும் நன்றாக எழுதத் தொடங்கவில்லை.

ஷேக்ஸ்பியர் அதன் விளிம்புக்குப் போய்ப் பார்த்தார். லியர் அரசன் தூங்கி எழுந்தபோது முந்திய இரவு தங்கின இடம் நினைவில்லை. உடுத்தியிருக்கிற உடை புரியவில்லை. எதிரே நிற்கிறவள் தன் மகளாக இருக்கக்கூடும் என்று தயங்கித் தயங்கி ஊகிக்கிறான். அந்தக் காட்சி நெஞ்சைப் பிளப்பதற்கு அவன் மறதி மட்டும் காரணமல்ல. அவள் அவனிடம் பேசுகிறாள், தன்னைப் பார்க்கச் சொல்கிறாள், ஆசீர்வாதம் கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டிய மனிதனாக அவனை நடத்துகிறாள். நம் கதைகளில் வருகிற தாத்தாவிடம் ஒருவரும் இப்படி எதையும் கேட்பதில்லை. வணங்குகிறார்கள் அல்லது வைகிறார்கள். முதலாவது லட்சியக் கதை, இரண்டாவது சீர்திருத்தக் கதை. இரண்டிலும் கிழவர் ஒரு பொம்மை.

வேலூர் ஆராய்ச்சியின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. நியாயம் கருதி அதையும் சொல்லவேண்டும். பத்துச் சொற்களில் எத்தனை நினைவிருந்தது என்று அது எண்ணுகிறது. மறந்துபோன சொற்களின் இடத்தில் அவர் என்ன சொன்னார் என்பது அட்டவணையில் ஏறுவதில்லை. எண்ணுவதற்காகப் புறப்பட்டவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. அது எங்கள் வேலை. ஆம்பூர்ப் பெரியவர் கையில் அவர் மருமகள் வைத்திருந்த ஒரு துண்டுத் தோலைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். கன்றுத் தோல், வயிற்றுப் பக்கம், உண்ணி கடித்த வடு இருக்கிறது, இரண்டாம் தரம் என்றார். பிறகு அதை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கே இருந்து வந்தது என்று மறந்து, திருட்டுச் சரக்கோ என்று பயந்தார். விரலில் மிஞ்சியிருந்த அந்த ஞானத்தையும் மனத்தில் எழுந்த அந்தப் பயத்தையும் எந்தப் பரீட்சையில் எத்தனை மதிப்பெண்ணாகப் போடுவது?

ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மூன்று என்ற சுலபமான எண் கையில் கிடைத்தபோது அதை நம்பாமல், கேள்வியை மாற்றி மறுபடி கேட்டார்கள். சென்னையில் மூன்று வருஷம் கழித்துத் திரும்பியும் போனார்கள். கதை எழுதுகிறவர்களுக்கும் கதை படிக்கிறவர்களுக்கும் அந்த நேர்மை வேண்டும். அடுத்து வருகிற தமிழ் நாவலில் ஒரு தாத்தா வரட்டும். அவரை யாராவது ஏதாவது ஒன்று கேட்கட்டும். பதில் தப்பாக வரட்டும். அந்தத் தப்பான பதிலை வைத்துக்கொண்டு வீடு என்ன செய்கிறது, ஊசியும் கையுமாக இருக்கிற அந்த மருமகள் என்ன செய்கிறாள் என்பதை மிச்சமுள்ள இருநூறு பக்கங்களும் சொல்லட்டும்.